கூட்டினால் எட்டு

மோர்டன், லண்டன்
9.9.1990

அன்பின் மச்சான் சிவானந்தனுக்கு,

கனடாவில் நீரும் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உமது அக்கா தவமலரும் சுகம் என்று எழுதச் சொல்கிறாள். அது பொய். முதுகு நோவால் ஐந்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. காரணத்தை எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீரும் கோபப்படும்.

போன மாதக் கடைசியில் மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு டெவன் கடற்கரைக்குப் போனோம். ஆஸ்பத்திரி லோண்டரியில் பதினொரு வருடம் ஈரத் துணி தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவள், கடல் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு தரம் வாய் திறந்து கேட்டாள். அந்த ஊரில் காலைச் சாப்பாட்டோடு அறை விடுகிற வீடுகள் வரிசைக்கு இருக்கின்றன. முதலாவது வீட்டு யன்னலில் 'அறை உண்டு' என்று போர்ட் தொங்கியது. கதவைத் திறந்த மனிசி என்னைப் பார்த்தாள், அக்காவின் சேலையைப் பார்த்தாள், கடைசி அறையும் இப்போதுதான் போனது என்றாள். சரி என்று இரண்டாவது வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அதே கதை. மூன்றாவது வீட்டில் இல்லை என்று சொன்ன வாய் மூடுவதற்கு முதல், எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதியைச் சிரித்துச் சிரித்து உள்ளே கூப்பிட்டார்கள். நாங்கள் இன்னும் படியை விட்டு இறங்கவில்லை. நான்காவது வீட்டில் நான் அறை கேட்கவில்லை. போர்ட்டைத் தட்டிக் காட்டி, இது என்ன அலங்காரத்துக்கா என்று கத்தினேன். பொலிசைக் கூப்பிடுவோம் என்றார்கள். "வாங்கோ, போவம்" என்று அக்கா என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு இரவும் காரிலேயே படுத்தோம். பின்சீற்றில் மடங்கிக் கிடந்ததன் பலனைத்தான் அவள் இப்போது அனுபவிக்கிறாள்.

இருபது வருடமாக இந்த நாடு என்னிடம் வரி வாங்குகிறது. மோர்டன் ஸ்டேஷனில் இருந்துகொண்டு இவர்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுக்கிறவன் நான். ஒரு கட்டிலுக்காக இனி எவருடைய படியிலும் நிற்கமாட்டேன். என் மனைவியின் கட்டிலை நானே இழுத்துக்கொண்டு போவேன். கரவன், அதுதான் வாகனத்துக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சில்லு வீடு, வாங்கப் போகிறேன்.

நீர் பெரிய லொறி ஓட்டுகிறவர். லீவு நாளில் ட்ரெயிலர் இழுக்கிறவர். கரவனை இழுக்க எந்த வாகனம் நல்லது என்று விவரமாக எழுதும். என் பழைய கார் அதை இழுக்காது என்று எனக்கே தெரியும். அதை எழுதிக் கடதாசியை வீணாக்க வேண்டாம்.

கோபம் ஆறாத,
யோகராஜா


ஸ்காபரோ, கனடா
2.10.1990

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அக்காவின் முதுகு எப்படி? தைலம் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா? உங்கள் கடிதத்தை வாசித்த அன்று நான் லொறியில் ஏறி ஓட்டும்போதும் வாய்விட்டு ஏசிக்கொண்டே போனேன். அந்த நான்கு வீட்டுக்காரரும் என் கையில் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

கரவன் வாங்குவது நல்ல யோசனை. ஆனால் கரவனைப் பிறகு பாருங்கள், இழுக்கிற வாகனத்தை முதலில் பாருங்கள். வாகனத்தின் பாரம் நூறு என்றால், சாமான் ஏற்றிய கரவனின் பாரம் எண்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. உங்கள் நாட்டுக் கரவன்காரரும் இதையே சொல்வார்கள். நீங்கள் பார்க்கிற அளவுக் கரவன், சட்டி பானை, தண்ணீர், காஸ் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு வரும். ஆகவே ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைந்த வாகனத்தை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம். கூடினால் இன்னும் நல்லது.

அடுத்தது நீளம். இரண்டு விதமாக ஜீப் வரும். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நிறைய இடைவெளி உள்ள நீட்டு ஜீப், மூன்று கதவுக் கட்டை ஜீப். கட்டை ஜீப் பார்க்க எடுப்பாக இருக்கும், முன்னால் இரும்புக் கம்பி எல்லாம் பூட்டியிருப்பார்கள். அதற்கு மயங்கிவிடாதீர்கள். பக்கத்தால் பெரிய லொறி ஒன்று முந்திப் போனால் அந்தக் காற்றுக்குக் கரவன் ஆடத் தொடங்கும். நீட்டு ஜீப் அதை இழுத்துப் பிடித்து நேராக்கும். கட்டை ஜீப்பைக் கரவனே பிடித்து ஆட்டிவிடும். நான் இங்கே கண்ணால் கண்டிருக்கிறேன்.

நீட்டு ஜீப், டீசல். வேறு எதுவும் வேண்டாம். கோபிக்காதீர்கள் அத்தான், நான் உங்களோடு இருந்த காலத்தில் நீங்கள் நிறத்தைப் பார்த்து வாங்கிய மஞ்சள் கார் ஞாபகம் இருக்கிறதா? அதில் கடைசிவரை நின்றது நிறம் மட்டும்தான்.

அக்காவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சிவானந்தன்


மோர்டன்
4.11.1990

அன்பின் சிவானந்தனுக்கு,

தைலம் கிடைத்தது. அக்கா எழுந்து நடமாடுகிறாள், சமைக்கிறாள். உங்கள் பக்கம் பனி தொடங்கியிருக்கும், லொறியைக் கவனமாக ஓட்டும்.

மஞ்சள் காரைப் பற்றி நான் உம்மிடம் கேட்கவில்லை. அந்தக் காரில்தான் நீர் ஓடப் பழகினீர் என்பதை மறக்க வேண்டாம். மற்றபடி நீர் எழுதியது சரி. ஏலத்தில் வாகனம் எடுத்து விற்கிற கிறிஸ்துராஜா என்று ஒருவர் ஸ்ட்ரெதமில் இருக்கிறார், நம்முடைய ஆள். அவரிடம் இரண்டு ஜீப் நிற்கிறது. ஒன்று வெள்ளை, மூன்று கதவு, பெட்ரோல், முன்னால் நீர் சொன்ன கம்பியும் இருக்கிறது. மற்றது மண்ணிறம், நீட்டு, டீசல், ஆயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ. ஒரு பக்கக் கதவில் நெளிவு. அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. கரவன் மாட்டுகிற கொளுக்கி பூட்டியபடியே இருக்கிறது. ஓடிப் பார்த்தேன், மாடு மாதிரி இழுக்கிறது.

நீட்டு ஜீப் எனக்குத்தான் என்று கிறிஸ்துராஜாவிடம் கைகொடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன். கரவனுக்கும் சொல்லியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போகிறேன். முன்சீற்றை நன்றாகச் சாய்க்கலாம், அவள் முதுகுக்கு அது போதும்.

உமது சொல்லை நான் கேட்டேன் என்று அங்கே ஊரெல்லாம் பறையடிக்க வேண்டாம்.

யோகராஜா


மோர்டன்
6.1.1991

அன்பின் சிவானந்தனுக்கு,

எல்லோருக்கும் புதுவருட வாழ்த்துகள். இங்கே சுகம்.

உமது இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத நேரம் இருக்கவில்லை. வெள்ளை ஜீப்பை வாங்கிவிட்டேன். மண்ணிறத்தின் நம்பரில் 215 வருகிறது. இரண்டும் ஒன்றும் ஐந்தும் கூட்டினால் எட்டு. எட்டு எனக்கு ஆகாது. வெள்ளையில் 423, ஒன்பது வருகிறது. நல்ல எண்.

இதைப் பற்றி மேலே கேட்க வேண்டாம்.

யோகராஜா


ஸ்காபரோ
25.1.1991

அத்தானுக்கு,

இங்கே நலம். அங்கே நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். யாரோ உங்கள் கையெழுத்தில் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். கலியாணம் பேசும்போது எங்கள் ஐயா சாதகம் கேட்க, "நான் பொம்பிளையைத்தான் கட்டப்போறன், ஓலையை இல்லை" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன யோகராஜா எங்கே போனார்? ராகு காலம் பார்க்கிற ஆட்களை வீட்டுக்குள் வைத்தே நக்கல் அடிக்கிறவர் நம்பர் பிளேட்டில் கூட்டல் போடுகிறார். ஐம்பத்தைந்து வயதில் உங்களுக்கு என்ன நடந்தது?

அந்தக் கட்டை ஜீப்பின் பாரத்தை விசாரித்தேன். ஆயிரத்து இருநூற்றைம்பது. கரவன் ஆயிரத்து இருநூறு. ஆளுக்கு ஆள் சமமாகக் கயிறு இழுக்கப் போகிறீர்கள். நான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் பாரம் இழுக்கிறவன். என் லொறியின் நம்பர் என்ன என்று கேட்டால் இறங்கிப் போய்ப் பார்த்துத்தான் சொல்வேன். பாரத்துக்கும் காற்றுக்கும் கூட்டல் தெரியாது அத்தான்.

கை கொடுத்துப் பேசிய நல்ல வாகனத்தை விட்டுவிட்டு ஒரு விளையாட்டுச் சாமானை வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. உங்கள் உயிர் உங்கள் பாடு. அந்த ஜீப்பில் எதை வேண்டுமானாலும் கட்டி இழுங்கள், என் அக்காவை ஏற்றாதீர்கள். ஏற்கெனவே உடைந்த முதுகு. இன்னொரு அடியை அது தாங்காது.

உடனே விற்றுவிட்டு நீட்டு ஜீப் வாங்குங்கள். அதுவரை உங்கள் கடிதம் எனக்கு வேண்டாம்.

சிவானந்தன்


மோர்டன்
17.3.1991

சிவானந்தனுக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். மரியாதை தெரிந்தவன் என்பதால் இதை எழுதிவிட்டுத் தொடங்குகிறேன்.

உமக்குக் கிளச் எது பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தது யார்? பக்கத்து வீட்டு மதிலை இடித்துவிட்டு நீர் குளியலறைக்குள் ஒளித்திருக்க, அந்த வெள்ளைக்காரனிடம் போய்த் தலைகுனிந்து நின்றது யார்? இரண்டு ஞாயிறு அந்த மதிலை என் கையால் கட்டிக் கொடுத்தேன். அப்போது நான் உம்மை ஒரு சொல் சொன்னேனா? இன்றைக்கு லொறி ஓட்டத் தெரிந்துவிட்டது என்று எனக்கு வயது நினைவூட்டுகிறீர்.

ஜீப்பை விற்கமாட்டேன். போன வெள்ளிக்கிழமை ஹைகேற் ஹில் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தாயிற்று. ஐயர் சந்தனப் பொட்டு வைத்தார். உமது அக்கா ஏறி இருந்து, வீடு வந்து சேரும்வரை கதைத்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிக் கதைத்து எத்தனையோ வருடம். உமக்கு அது விளங்காது, விளங்கவும் வேண்டாம்.

உமது அக்கா என்று நீர் எழுதுகிறீர். இருபத்தாறு வருடமாக அவள் என் மனைவி. அவளை எதில் ஏற்றுவது என்று கனடாவில் இருந்து எனக்குக் கட்டளை வர வேண்டாம். இனி வாகனத்தைப் பற்றி நீர் எழுதுகிற கடிதத்தை நான் திறக்கமாட்டேன்.

யோகராஜா


ஸ்காபரோ
18.6.1991

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா அக்கா? முதுகு எப்படி இருக்கிறது? எனக்கு நீங்கள் ஒரு வரி எழுதி ஒன்பது மாதமாகிறது. அத்தானுக்குப் பயந்து எழுதவில்லை என்று நினைக்கவும் முடியவில்லை, நீங்கள் அவருக்குப் பயந்த ஆளும் இல்லை.

அத்தான் என் கடிதத்தைத் திறக்கமாட்டாராம். ஆகவே உங்கள் பெயருக்கு எழுதுகிறேன். கோடைக்கு எங்கேயோ போகிறீர்கள் என்று கிறிஸ்துராஜாவிடம் ரெலிபோனில் கேட்டு அறிந்தேன். போக வேண்டாம். போகத்தான் போகிறீர்கள் என்றால், பாரமான சாமான் எல்லாவற்றையும் கரவனின் சில்லுக்கு நேரே மேலே, தரையில் வையுங்கள். பின்பக்கம் ஒரு அரிசிப் பைகூட வேண்டாம். மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் ஓட விடாதீர்கள். கரவன் ஆடினால் பிரேக்கில் கால் வைக்கக்கூடாது, அக்சிலரேற்றரை மெல்ல விட வேண்டும். இதை அவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் சொல்லைக் கேட்பார்.

படித்த மனிதர் ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்தார் என்பதை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. நீங்களாவது அன்றைக்கு அவரைத் தடுத்திருக்கக்கூடாதா?

பதில் போடுங்கள் அக்கா.

உங்கள் தம்பி,
சிவா


மோர்டன்
12.8.1991

சிவானந்தனுக்கு,

உமது வீட்டார் சுகமாக இருக்க வேண்டும். நல்ல செய்தி இல்லை, இருந்துகொண்டு வாசியும். அக்கா உயிரோடு இருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை டெவனுக்குப் போகிற மோட்டர்வேயில் ஒரு இறக்கம். ஐம்பதுக்கு மேலே ஓடவில்லை. நீர் அக்காவுக்கு எழுதியதை அவள் இரண்டு தரம் சத்தமாக வாசித்துக் காட்டியிருந்தாள், பாரம் எல்லாம் நடுவில்தான் இருந்தது. நீட்டு லொறி ஒன்று முந்தியது. அந்தக் காற்றில் கரவன் ஒரு பக்கம் போய், மற்றப் பக்கம் வந்தது. பிரேக்கைத் தொடவில்லை. அக்சிலரேற்றரை விட்டேன். ஜீப் நிற்கவில்லை, கரவன் அதைத் தூக்கித் திருப்பியது. நீர் எழுதியபடியேதான் எல்லாம் நடந்தது. கரவன் சரிந்து ஜீப்பையும் சரித்து, பக்கத்துப் புல்லில் போய்க் கிடந்தோம்.

எனக்கு மணிக்கட்டில் மட்டும் அடி. அக்காவுக்கு முதுகெலும்பில் இரண்டு இடம் வெடித்திருக்கிறது. இன்னும் அங்கே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள், நான் நேற்றுத்தான் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். கால் விரல் அசைகிறது. நடப்பாளா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள்.

யோகராஜா


ஸ்காபரோ
24.8.1991

யோகராஜா அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை. ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்து நேர்சிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்பது நல்ல எண் என்றீர்கள். ஒன்பது என்ன செய்தது என்று இப்போது சொல்லுங்கள். நீங்கள் கைகொடுத்துப் பேசிவிட்டு வந்த அந்த நீட்டு ஜீப்பில் போயிருந்தால் என் அக்கா இன்றைக்குக் கடற்கரையில் இருந்திருப்பாள். அந்த நான்கு வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு கட்டில் இல்லை என்றார்கள். நீங்கள் அவளைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டீர்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் அவளைத் தெரியாதவர்கள், அவ்வளவுதான்.

என்னை வளர்த்தீர்கள், ஓட்டப் பழக்கினீர்கள், ஓம். அதற்காக என் அக்காவை உங்கள் பயித்தியத்துக்குக் கொடுத்துவிட ஏலாது. அவள் எழும்பி இருக்கத் தொடங்கியதும் இங்கே கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். உங்கள் முகத்தை நான் இனிப் பார்க்கமாட்டேன். எனக்கு எழுதவும் வேண்டாம்.

சிவானந்தன்


மோர்டன்
9.9.1991

சிவானந்தனுக்கு,

ஓம். எல்லாம் என்னுடைய பிழை. நீர் எழுதியதில் ஒரு சொல்லும் அதிகம் இல்லை.

அக்கா நேற்று அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருந்தாள். உம்மைக் கேட்டாள். சுகமாக இருக்கிறீர் என்று சொன்னேன்.

யோகராஜா


மோர்டன்
3.2.1992

என் அன்புத் தம்பி சிவாவுக்கு,

நீ, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். எனக்கு இப்போது பரவாயில்லை. இடுப்பிலிருந்து கழுத்துவரை பட்டி கட்டியிருக்கிறார்கள், வீட்டுக்குள்ளே பொல்லு ஊன்றி நடக்கிறேன். குளிக்க வார்க்கிறது, தலை வாரி இழுக்கிறது, சோறு போடுகிறது எல்லாம் உன் அத்தான்தான். கறிக்கு உப்புப் போட இன்னும் பழகவில்லை.

ரெலிபோனில் நீ பேசும்போதெல்லாம் பக்கத்தில் அவர் நின்றார். அதனால் சொல்ல முடியவில்லை. போன கிழமை முதல் தரம் நானாக அலுமாரியைத் திறந்தேன். அவருடைய சேட்டுகளுக்கு அடியில் உன் ஓகஸ்ட் மாதக் கடிதம் இருந்தது. எனக்கு அவர் அதைக் காட்டவில்லை. வாசித்தேன். தம்பி, ஒரு மனிசரைக் கொல்ல உனக்குப் பேனை போதும்.

மண்ணிற ஜீப்பை வேண்டாம் என்றது நான்.

1966ஆம் ஆண்டு யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது, உனக்குத் தெரியும். நீ அப்போது எட்டாம் வகுப்போ என்னவோ. பிள்ளை பிறந்தது மே மாதம் எட்டாம் திகதி. போனது பதினேழாம் திகதி. இரண்டும் எட்டு. இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பஸ் நம்பர், வீட்டு நம்பர், ஆஸ்பத்திரிச் சீட்டு, எதைக் கண்டாலும் என் மனம் கூட்டிப் பார்த்துவிடும். எட்டு வந்தால் நான் ஏறமாட்டேன், வேறு சாட்டுச் சொல்லிவிடுவேன். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துராஜாவின் முற்றத்தில் அந்த நம்பரைக் கண்டதும் என் மனம் கூட்டிவிட்டது. இவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு, சீற்றைச் சாய்ச்சுக் காட்டிறன்" என்று நிற்கிறார். நான் அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கேட்டுக் கேட்டுத்தான் காரணத்தை எடுத்தார். அவர் எப்படிச் சிரிக்கிற ஆள் என்று உனக்குத் தெரியும்தானே. சிரிக்கவில்லை. பிறகு போய் கிறிஸ்துராஜாவிடம் சொல்லை மாற்றினார். அந்த ஆள் கடைக்கு வந்தவர்களுக்கு முன்னால் இவரை ஏசினாராம், கேட்டுக்கொண்டு நின்றாராம். கரவன் வந்துவிட்டது, வேறு வாகனம் கிடைக்கவில்லை. அவரிடம் நின்றது மற்ற ஜீப் ஒன்றுதான்.

"சிவாவுக்கு நான் எழுதிறன். எண் பாத்தது நான் எண்டுதான் எழுதுவன். நீ வாயைத் திறக்காதை" என்றார். ஏன் என்று கேட்டேன். "அவன் உன்னை ஒருநாளும் ஏசினதில்லை. இனியும் ஏசப் பழக வேண்டாம். என்னை ஏசட்டும், எனக்குப் பழக்கம்" என்றார். ஆஸ்பத்திரியில் நான் கண் முழித்த அன்றும் முதல் வேலையாக அதையே சொன்னார்.

சொல்லாமல் இருந்தது என் பிழை. இப்போது உனக்கு ஏச வேண்டும் என்றால் என்னை ஏசு. நான் கனடாவுக்கு வரமாட்டேன். இந்த மனிசனை விட்டுவிட்டு எங்கே வருவேன்?

இன்றைக்கு அவருக்கு இரண்டு மணி ஷிப்ட். அவர் போனபிறகு தெருமுனைத் தபால்பெட்டிவரை நானே போய்ப் போடப் போகிறேன். வெளியே தனியாக இன்னும் போனதில்லை. பார்ப்போம்.

உன் அக்கா,
தவமலர்


மோர்டன்
4.2.1992

சிவானந்தனுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று எழுதினீர். கடிதத்தில் முகம் இல்லைத்தானே, அதனால் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றும் எழுதினீர். அதை நான் கேட்கப் போவதில்லை.

நேற்று ஷிப்டுக்குப் புறப்பட்டு மூலைவரை போனபிறகு மூக்குக்கண்ணாடியை மறந்தது தெரிந்தது. திரும்பி வருகிறேன், எங்கள் வீட்டுக் கதவு திறக்கிறது. உமது அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு பொல்லோடு தெருவில் இறங்குகிறாள். கையில் நீல நிற விமானத் தபால் உறை. கத்தப் பார்த்தேன். கத்தினால் பயந்து விழுந்துவிடுவாள் என்று அங்கே நின்ற வானுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். ஐம்பத்தாறு வயதில் நடுத்தெருவில் ஒளித்து விளையாட வைத்துவிட்டீர்கள் அக்காவும் தம்பியும்.

எங்கள் கதவிலிருந்து தபால்பெட்டிக்கு இருபத்திரண்டு வீடு. இரண்டு இடத்தில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு இடத்தில் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. உறையைப் போட்டுவிட்டு, விழுந்ததா என்று பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து போய்க் கதவைச் சாத்தினாள். நான் ஒன்றே கால் மணித்தியாலம் பிந்தித்தான் ஷிப்டுக்குப் போனேன். சுப்பர்வைசர் ஏசினான், ஏசட்டும்.

ஆஸ்பத்திரி ஆட்கள் அவளைத் தெருவில் நடக்கச் சொல்லி ஒரு மாதமாகக் கெஞ்சுகிறார்கள். என்னோடும் வரமாட்டேன் என்று பிடிவாதம். உமக்காகப் போயிருக்கிறாள்.

என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். நான் கண்டது அவளுக்குத் தெரிய வேண்டாம். ஆனால் எண்ணைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். வருத்தக்காரி, மருந்து மயக்கத்தில் எதையும் சொல்வாள். எண் பார்த்தவன் நான். இதில் இனிப் பேச்சு இல்லை.

எனக்குப் பதில் வேண்டாம். அவளுக்கு எழுதும். உடனே எழுதும், ரெலிபோன் எடுக்க வேண்டாம். கிழமைக்கு ஒன்று எழுதும். ஒவ்வொரு கடிதத்திலும் அவள் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி ஒன்று கேளும். என்னை ஏசி எழுதினாலும் சரி, எனக்காகச் சண்டை பிடிக்கவாவது பதில் எழுதுவாள். எழுதினால் கொண்டுபோய்ப் போட வேண்டும். நான் தபால்பெட்டிப் பக்கம் போகமாட்டேன்.

யோகராஜா